தாய்க்குக் கற்றுத்தராத மையம் யாருக்கு? மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

எங்கள் வட்டார வள மையத்தில் சனிக்கிழமைதோறும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு நடந்துவந்த பயிற்சியும், அதே அறையில் அவர்களுடைய பெற்றோருக்கு அளிக்கப்பட்டுவந்த பயிற்சியும் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டன. குழந்தைகளின் வருகை குறைவாக இருப்பதால் இந்த மையம் மாவட்டத் தலைநகரில் உள்ள மையத்தோடு இணைக்கப்படுவதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. பாய்களும் நடைப்பயிற்சிக் கம்பிகளும் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு, அறை நிறைய விலையில்லாப் பாடநூல் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த முடிவை எடுப்பதற்கு முன் எங்களில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் கொடுத்த மனுவுக்கு, குழந்தைகளுக்கான சேவை தலைநகர் மையத்தில் தொடர்ந்து வழங்கப்படுகிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது, மனு முடித்துவைக்கப்பட்டது. பெற்றோருக்கான பயிற்சி என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லாததால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

நான், மூளைப் பாதிப்பால் கைகால் அசைவைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் மூளை முடக்குவாதம் உள்ள 13 வயது மகளின் தாய். அந்த அறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன். இயன்முறை மருத்துவரோ சிறப்புப் பயிற்றுநரோ ஒரு குழந்தையைக் கையில் எடுத்துப் பார்ப்பது வாரத்தில் அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் அந்தக் குழந்தையைத் தூக்குவதும் கிடத்துவதும் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தாயோ பாட்டியோ அக்காளோதான். அவர்கள் தூக்கும் முறை தவறாக இருந்தால், வாரம் ஒரு நாள் செய்த பயிற்சி அடுத்த வாரத்திற்குள் வீணாகிவிடும். ஆகவே குடும்பத்திற்குக் கற்றுத்தருவதைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கிற ஓர் இலவச இணைப்பாகக் கருதக் கூடாது என்பதே இந்த மடலின் சாரம். எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை சிகிச்சையின் பெரும்பகுதி அதுதான்.

உணவு ஊட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து நிற்காத பிள்ளைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஊட்டுகிற முறை ஒன்றுதான்: காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தண்ணீராகக் கரைத்த கஞ்சியைச் சங்கில் எடுத்து வாயோரம் சாய்ப்பது. கைக்குழந்தைக்குச் செய்து பழகியதை, விழுங்குவதற்கே சிரமப்படுகிற ஐந்து வயதுப் பிள்ளைக்கும் செய்கிறோம். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் வாய்ப்பு அதிகம். புரையேறும், கண் செருகும், தாய் பதறி முதுகில் தட்டுவாள். பிறகு நெஞ்சுச்சளி, காய்ச்சல், நிமோனியா என்று அரசு மருத்துவமனையில் படுக்கை. பிள்ளைக்கு உடம்பு அப்படி என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். சாப்பாடு ஊட்டும் விதத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அந்த அறையில் இயன்முறை மருத்துவர் எங்களுக்குச் செய்து காட்டியது இது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, இரு பக்கமும் தலையணை அணைத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தாடை சற்றே மார்பை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். தாய் பிள்ளையின் கண்மட்டத்திற்குக் கீழே உட்கார்ந்து, கரண்டியை மேலிருந்து கவிழ்க்காமல் நேராகக் கொண்டுவந்து நாக்கின்மேல் மெதுவாக அழுத்தி எடுக்க வேண்டும். கஞ்சி கூழ்ப் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். இதை நான் நான்கு வரியில் எழுதிவிட்டேன். ஆனால் படித்தோ கேட்டோ வருகிற வித்தை அல்ல இது. பயிற்றுநர் தம் கையைத் தாயின் கைமேல் வைத்து, பிள்ளையின் தாடையை எந்த அளவு தாங்க வேண்டும் என்று உணர்த்த வேண்டும். தாய் செய்யும்போது அருகில் இருந்து திருத்த வேண்டும். முக்கியமாக, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாமியாரும் அங்கே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண் வீட்டிற்குப் போய் மூலையில் உட்காரவைத்து ஊட்டியபோது, சின்னப் பிள்ளையை இப்படி வதைக்கிறாயே என்று மாமியார் சண்டை போட்டார். அடுத்த சனிக்கிழமை அவரையே அழைத்து வந்து பயிற்றுநர் முன் உட்காரவைத்தாள். அதன்பிறகு, யார் வீட்டுப் பாட்டி மல்லாக்கக் கிடத்தி ஊட்டினாலும் கண்டித்தவர் அந்த மாமியார்தான்.

தூக்குவதும் அப்படித்தான். கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்கிற பிள்ளையை இரு கைகளில் ஏந்தித் தூக்கினால் விறைப்பு கூடும். இடுப்பில் வைத்து, கால் இரண்டும் தாயின் இடுப்புக்கு இருபுறமும் அகன்று விழும்படி தூக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது என்றும், நடக்க முடியாத பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்றும், அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தெரிந்தது அந்த அறையில்தான். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுவதும் எங்கள் வீடுகளில் நின்றதும் அங்கே கற்ற பிறகுதான். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, நேரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதை ஒரு தாய்க்குச் சொல்லித்தர எந்த விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. ஓர் அறையும், பாயும், பொறுமையுள்ள ஒரு பயிற்றுநரும் போதும்.

இனி, சுற்றறிக்கை சொல்லும் காரணத்திற்கு வருகிறேன். வருகைப் பதிவேட்டில் இருப்பது குழந்தையின் பெயருக்கான கட்டம் மட்டுமே. முந்தின இரவு வலிப்பு வந்த பிள்ளையை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, சந்தேகம் கேட்பதற்காகத் தாய் மட்டும் வந்தால் அன்றைக்கு அந்தக் குடும்பம் வரவில்லை என்று பொருள். படுத்த படுக்கையாக உள்ள பிள்ளையின் தகப்பன், நாற்காலியின் அளவு கேட்க வந்தாலும் அப்படியே. ஊட்டவும் தூக்கவும் கற்றுக்கொண்ட தாய் வாரந்தோறும் வருவதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறாள். மையம் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு அதுவே சான்று. பதிவேடு அதைக் குறையென்று கணக்கில் எழுதுகிறது. நூறு நாள் வேலை நடக்கிற மாதங்களில் கூட்டம் குறையும் என்பதையும், அந்தக் கூலியை விட்டுவிட்டு வருவது எங்களில் பலருக்கு இயலாது என்பதையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

தலைநகர் மையத்திற்கு வரலாமே என்கிறார்கள். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் அவருடைய துணையாள் ஒருவருக்கும் கட்டணம் இல்லாமல் அரசு செய்திருப்பது நல்ல செயல். ஆனால் எங்கள் ஊர்களிலிருந்து தலைநகருக்கு நகரப் பேருந்து இல்லை. இரண்டு வண்டி மாற வேண்டும். 13 வயதுப் பெண்ணை இடுப்பில் சுமந்து பேருந்தின் உயரமான படியில் ஏறுவதைத் தாங்கள் ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்காது. வாடகை வண்டி பிடித்தால் மாதந்தோறும் வருகிற 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை போக்குவரத்திற்கே போய்விடும். அங்கே போய்ச் சேர்ந்தாலும், வளர்ந்த பெண்ணுக்கு நாப்கின் மாற்றுவதற்கு மறைவான ஓர் இடம் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு பெற்றோர் வெளியே வராந்தாவில் காத்திருக்க வேண்டும் என்பது அந்த மையத்தின் நடைமுறை. கூட்டம் அதிகம், இடம் போதாது என்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கதவு சாத்திய அறைக்குள் என் மகளின் காலை எப்படி நீட்டினார்கள், எந்தக் கோணத்தில் நிறுத்தினார்கள் என்று தெரியாமல் வீட்டில் நான் எதைத் தொடர்வது?

கற்றுத்தரும் இடம் மூடப்பட்டால் அந்த வெற்றிடம் வெறுமனே இருக்காது என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். எண்ணெய் தேய்த்துக் காலை மடக்கி முறுக்கி நேராக்குகிறேன் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஏற்றினால் பிள்ளை நடக்கும், பேசும் என்று கைப்பேசியில் விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மூளை முடக்குவாதத்திற்கோ ஆட்டிசத்திற்கோ ஸ்டெம் செல் சிகிச்சை நிரூபிக்கப்பட்டதல்ல என்பதையும், அதை வணிக நோக்கில் அளிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லியிருப்பதையும், நகையை அடகு வைக்கப்போகும் தகப்பனிடம் யார் சொல்வது? எங்கள் மையத்தில் ஒரு சிறப்புப் பயிற்றுநர் சொன்னார். அந்த நகை இன்னும் வீட்டில் இருக்கிறது.

சட்டம் எங்களுக்கு என்ன தந்திருக்கிறது என்பதும் அங்கேதான் தெரியவந்தது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் மூலம் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. மாவட்ட அளவில், சிறு வயதிலேயே சிகிச்சையைத் தொடங்குகிற தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்குப் பரிந்துரைச் சீட்டும் எழுதித் தருகிறது. சீட்டோடு நிற்கிற தாய்க்கு அடுத்த நாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல, அவள் நடந்து போகும் தூரத்தில் ஆள் வேண்டாமா? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. எங்கள் குழுவில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூட அதற்கு முன் கேட்டதில்லை. அதே சட்டப்படி, அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ பல்வகைக் குறைபாடோ உள்ளவருக்கு 18 வயது முடிந்த பிறகு, தேவைப்பட்டால் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பது தங்கள் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழு. பெற்ற பிள்ளைக்குத் தனியாகப் பாதுகாவலர் பத்திரம் எதற்கு என்று கேட்கிற பெற்றோர், வங்கியில் கணக்கை இயக்க முடியாமல் திருப்பி அனுப்பப்படும்போதுதான் விழிக்கிறார்கள். அவர்கள் அலைவது தாங்கள் தலைவராக உள்ள ஒரு குழுவைத் தேடித்தான்.

2007 அக்டோபரில் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் தொடக்கத்திலேயே முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. குடும்பங்களுக்கும் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமூகப் பாதுகாப்பு பற்றிய 24ஆவது பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கான படியைக் குறிப்பிடுகிறது. பராமரிப்பவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் தேவைகள் உண்டு என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. எங்கள் வருகைப் பதிவேட்டில்தான் அவருக்கு இடமில்லை.

நடைமுறைக்கு ஒவ்வாததைக் கேட்கிறோம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்பிப் பெற்றோருக்குக் கற்றுத்தருகிறது. செவித்திறன் குறைந்த சிறு குழந்தைகளுக்காக 1969இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயாவில் தாய்மார் வகுப்பிற்குள்ளேயே இருந்து, பிள்ளையோடு பேசும் முறையைக் கற்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பராமரிப்பாளர்களுக்கென்று வகுத்துள்ள பயிற்சி 9 குழுக் கூட்டங்களையும் 3 வீட்டுச் சந்திப்புகளையும் கொண்டது. அதை நடத்த உயர் வல்லுநர்தான் வேண்டும் என்பதுகூட இல்லை, பயிற்சி பெற்ற முன்களப் பணியாளர்களே நடத்தலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் வரை நாங்கள் போக முடியாது. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் எங்கள் வட்டாரத்திற்கு வரலாம் அல்லவா?

மாநில அரசின் போக்கும் எங்கள் பக்கமே இருக்கிறது. உலக வங்கி 2022இல் ஒப்புதல் அளித்த 16.2 கோடி டாலர் கடனுதவியோடு நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் நோக்கமே சேவையை மாற்றுத்திறனாளிகளின் இருப்பிடத்திற்கு அருகில் கொண்டுசெல்வதுதான். விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அதற்காகத்தான் திறக்கப்படுகின்றன. மாநிலம் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் வேளையில் எங்கள் மாவட்டம் மட்டும், இருந்த மையத்தையும் எங்களிடமிருந்து தள்ளி வைப்பது எந்தக் கணக்கில் சரி என்று விளங்கவில்லை. சிறப்புப் பயிற்றுநர்கள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். தொகுப்பூதியத்தில், இரு சக்கர வண்டிக்குச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக வந்து பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அவர்கள். இந்த மடலால் அவர்களில் ஒருவருக்கும் எந்த இடையூறும் நேரக் கூடாது.

ஆகவே, தங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. பாடநூல் கட்டுகளுக்கு வேறு இடம் ஒதுக்கி, எங்கள் வட்டார வள மையத்தின் பயிற்சி அறையை உடனே மீட்டுத்தந்து, சனிக்கிழமை மையத்தைப் பழையபடி தொடங்க ஆணையிட வேண்டும். மாவட்டத்தில் எந்த மையமாக இருந்தாலும் குழந்தைக்குப் பயிற்சி நடக்கும்போது தாயோ, தகப்பனோ, பகலில் பார்த்துக்கொள்ளும் வேறு ஒருவரோ உள்ளே இருப்பது உரிமை என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பதிவேட்டில் பயிற்சி பெற்ற குடும்பத்தினருக்கும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ஒரு மையத்தைத் தொடர்வதா மூடுவதா என்பதை அந்தக் கணக்கையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் பெற்றோர் பயிற்சிக்கு ஆண்டு அட்டவணை வேண்டும். ஊட்டுதல், தூக்குதல், வலிப்பு, பேச்சில்லாத பிள்ளையோடு படம் காட்டியும் சைகையாலும் உரையாடுதல், கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றோடு, பெண் பிள்ளைகள் பருவமடையும் காலத்தைப் பற்றியும் அதில் பாடம் இருக்க வேண்டும். என் வயதுத் தாய்மார் இரவில் தூக்கமின்றி யோசிப்பது அதைப் பற்றித்தான். அதை வாய்விட்டுக் கேட்க எங்களுக்கு வேறு இடம் கிடையாது. கூலி வேலைக்குப் போகிற தகப்பன்மாருக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்க வேண்டும். மையத்திற்குக் கொண்டுவர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்குப் பயிற்றுநர் செல்வதற்குப் பயணப்படி வழங்க வேண்டும். நன்கு கற்றுத்தேர்ந்த பெற்றோரில் இருவரை வட்டாரந்தோறும் தேர்ந்தெடுத்து, மதிப்பூதியத்தோடு புதிய குடும்பங்களுக்குத் துணையாக நியமிக்கலாம். எங்களில் பலர் இதை ஊதியமில்லாமலே செய்து வந்திருக்கிறோம். ஆனால் அது ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி நடக்கிற காரியமாகவே இருந்துவிடக் கூடாது.

தங்கள் தலைமையிலான உள்ளூர்க் குழு காலாண்டுக்கு ஒருமுறை வட்டத் தலைமையிடத்திலேயே கூடி, பாதுகாவலர் நியமனத்திற்கும் நிராமயா காப்பீட்டிற்கும் விண்ணப்பங்களை அங்கேயே பெற வேண்டும். தலைநகர் மையத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உடை மாற்றக் கட்டிலோடு கூடிய மறைவான அறையும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் அமைக்க வேண்டும். இனி எந்த மையத்தையும் மூடவோ இடம் மாற்றவோ நினைத்தால், அதைப் பயன்படுத்தும் பெற்றோரைக் கூட்டி, நடவடிக்கைக் குறிப்பு எழுதி, அதன் நகலை எங்களுக்குத் தந்த பிறகே செய்ய வேண்டும்.

இக்கோரிக்கைகளில் ஏற்றவை எவை, அவை எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும், ஏற்க இயலாதவை எவை, அதற்குக் காரணம் என்ன என்பதைக் காலாண்டு விடுமுறைக்கு முன்பாக எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை தாங்களே வந்து எங்களைச் சந்திக்க இயலுமானால், பிள்ளைகளோடு வட்டார வள மைய வளாகத்திலேயே காத்திருப்போம்.

இப்படிக்கு,
வட்டார மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் சார்பில்,
ஒரு தாய்